அவள் கையில் இருந்தது என்ன?

முப்பத்தோர் ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்த எனக்கு, மாணவர்களுக்குக் கற்பிக்க மிகக் கடினமாக இருந்தது கைதான். முகத்தில் கண்ணும் மூக்கும் சற்றுப் பிசகினாலும் அது ஒரு முகமாகவே நிற்கும்; கையில் ஒரு விரல் தவறான இடத்தில் மடங்கிவிட்டால், அந்தக் கை கொடுக்கிறதா வாங்குகிறதா, பிடிக்கிறதா விடுகிறதா என்பதே மாறிப்போகும். ஒருமுறை எட்டாம் வகுப்பில், பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள மீலோஸ் தீவு வீனஸின் படத்தைக் கரும்பலகையில் ஒட்டி, உடலின் எடை ஒற்றைக் காலில் இறங்கும்போது இடுப்பும் தோளும் எதிரெதிர்த் திசைகளில் எப்படிச் சாய்கின்றன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தைப் பார்க்கும் பிள்ளைகள் வழக்கமாக, கை எப்படி உடைந்தது என்றுதான் கேட்பார்கள். அன்று பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, "டீச்சர், அவங்க கையில என்ன வெச்சிருந்தாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகு என் தங்கையுடன் ஏதென்ஸுக்குச் சென்று, அங்குள்ள அருங்காட்சியகங்களில் ஒன்பது நாள்களைச் செலவிட்டபோது, பண்டைய கிரேக்கச் சிற்பங்களில் உள்ள பெண்களையும் தேவியரையும் நான் பார்த்தது அந்தச் சிறுமியின் கேள்வியோடுதான்.

மீலோஸ் வீனஸைப் பொறுத்தவரை அவளுக்கு இன்று ஒரு பதிலைச் சொல்ல முடியும். 1820ஆம் ஆண்டு அந்தத் தீவில் உழவர் ஒருவர் சிலையைக் கண்டெடுத்தபோது, உடன் கிடைத்த துண்டுகளில் ஆப்பிள் ஒன்றைப் பற்றியிருக்கும் இடக்கையின் பகுதியும் இருந்தது. தேவியருள் பேரழகி யார் என்ற போட்டியில் அஃப்ரோடைட்டிக்கு, அதாவது ரோமானியர் வீனஸ் என்று அழைத்த கிரேக்கத் தேவிக்கு, கிடைத்த பரிசு ஆப்பிள். கிரேக்க மொழியில் அந்தக் கனியின் பெயரும் தீவின் பெயரும் ஏறத்தாழ ஒன்றுபோல ஒலிப்பவை. ஆயினும், அந்தக் கையின் வேலைப்பாடு உடலின் நேர்த்திக்கு நிகராக இல்லை என்று ஐயுற்றவர்கள் உண்டு. அவள் அஃப்ரோடைட்டியே அல்லள், கடல் தேவியான ஆம்ஃபிட்ரிட்டி என்று வாதிட்டவர்களும் உண்டு. உலகமே பெயர் சொல்லி அழைக்கும் ஒரு சிலையின் பெயர், கடைசியில் உடைந்த ஒரு கைத்துண்டைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

இது அந்த ஒரு சிலைக்கு மட்டும் உரிய நிலை அன்று. கிரேக்கச் சிற்பி தேவிக்கென்று தனி முகம் செதுக்கவில்லை. தேவிக்கும் மானிடப் பெண்ணுக்கும் ஒரே முகம், ஒரே ஆடை, நிற்பதிலும் ஒரே முறை. வில் இருந்தால் ஆர்ட்டெமிஸ், தலைக்கவசம் இருந்தால் அதீனா, பூவோ கனியோ பறவையோ இருந்தால் கோயிலுக்குக் காணிக்கை கொண்டுவந்த பெண் என்று, அடையாளத்தின் பெரும்பகுதியைக் கைதான் தாங்கியது. உடலிலிருந்து முன்னோக்கி நீளும் பகுதியைச் சலவைக்கல்லால் நெடுங்காலம் தாங்க முடிவதில்லை. கல் அழுத்தத்தைத் தாங்கும். தொங்கும் எடையை அவ்வளவாகத் தாங்காது. ஆகவே முன்கையைத் தனிக் கல்லில் செதுக்கி, முழங்கையருகே குழி வெட்டிப் பொருத்துவார்கள். சிலை விழும்போது முதலில் போவது அந்தப் பொருத்துதான். பெயரைச் சொல்லவேண்டிய உறுப்பே முதலில் உடைகிறது.

ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நிற்கும் நிகாண்ட்ரேயின் சிலைக்கு முன்னால் இது எனக்கு முழுமையாக உறைத்தது. டெலோஸ் தீவில் 1878இல் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 650ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்தச் சிலை, ஆளுயரத்தில் செதுக்கப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்கப் பெண் சிலைகளுள் ஒன்று. 1.75 மீட்டர் உயரம்; பலகைபோலத் தட்டையான உடல்; முகம் தேய்ந்து மழுங்கிவிட்டது. ஆனால் பாவாடையின் இடப்பக்கத்தில் வெட்டிய எழுத்துகள் இன்னும் பேசுகின்றன. தொலைவிலிருந்து அம்பு எய்யும் தேவிக்கு நிகாண்ட்ரே என்னை அளித்தாள் என்று தொடங்கி, அவள் நக்சோஸ் ஊர் டெய்னோடிகெஸின் மகள், பெண்களுள் சிறந்தவள், டெய்னோமெனெஸின் உடன்பிறந்தவள், ஃபிராக்ஸோஸின் மனைவி என்று அந்த வரிகள் செல்கின்றன. அப்பன், உடன்பிறந்தான், கணவன் என மூன்று ஆண்களின் பெயர்களுக்கு நடுவில் ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது. ஆனாலும் கொடுத்தவள் அவளே, அந்த வினைக்கு எழுவாய் அவள் மட்டுமே.

"என்னை" என்று சொல்லும் அந்தக் கல் யார்? காணிக்கை அளித்த நிகாண்ட்ரேயா, காணிக்கையைப் பெற்ற ஆர்ட்டெமிஸா? உடலோடு ஒட்டித் தொங்கும் இரு கைகளும் மூடியிருக்கின்றன; இரண்டிலும் துளைகள் இருக்கின்றன. ஏதோ ஒன்று, அநேகமாக உலோகத்தால் ஆனது, அந்தத் துளைகளில் செருகப்பட்டிருந்தது. அது வில்லும் அம்புமாக இருந்தால் அவள் தேவி. இன்று துளைகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. நான் அவற்றைக் குறிப்பேட்டில் வரைந்தபோது, பென்சிலால் நிரப்பாமல் தாளின் வெண்மையாகவே விட்டுவிட்டேன்.

அடுத்த நூற்றாண்டில் இத்தகைய பெண் சிலைகள் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றெங்கும் நின்றன. கிரேக்கர்கள் அவற்றைக் கோரே என்று அழைத்தார்கள். கன்னிப்பெண் என்று பொருள். ஆண் சிலை ஆடையின்றியும் பெண் சிலை முழு ஆடையுடனும் நிற்பது அக்காலத்து மரபு. ஆகவே பெண்ணைச் செதுக்குவது என்பது துணியைச் செதுக்குவதே. மெல்லிய லினன் துணியின் நெளிவும் கம்பளியின் கனத்த மடிப்பும் ஒரே கல்லில் வெவ்வேறாகத் தெரியும்படி செதுக்கிய அந்த உளிகளை எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. கோரே ஒரு கையால் பாவாடையைச் சற்று விலக்கிப் பிடித்திருப்பாள். மற்றொரு கையைக் காணிக்கையோடு முன்னே நீட்டியிருப்பாள். கி.மு. 480இல் பாரசீகப் படை குன்றைக் கொள்ளையிட்டபோது இவை அடித்து வீழ்த்தப்பட்டன. திரும்பி வந்த ஏதென்ஸ் மக்கள் அவற்றை அங்கேயே மண்ணில் புதைத்தார்கள். 1886இல் எரெக்தியோன் கோயிலுக்கு அருகே ஒரே குழியிலிருந்து பதினான்கு கோரேக்கள் வெளிவந்தன. பூமிக்குள் இருந்ததால்தான் உதட்டிலும் கூந்தலிலும் ஆடைக் கரையிலும் வண்ணம் சற்றேனும் தங்கியிருக்கிறது. ஒருத்தியின் கையில் ஒரு கனி தப்பியிருக்கிறது, இன்னொருத்தியின் கையில் ஒரு பறவை. மற்றவர்களிடம் குழி மட்டுமே.

இவர்களை அளித்தவர்கள் எல்லாரும் பெண்கள் அல்லர். நௌலோகோஸ் என்பவர் தமக்குக் கடல் தேவன் அருளிய மீன்பாட்டின் முதற்பங்காக ஒரு கோரேயை அளித்ததாக எழுதிவைத்திருக்கிறார். குயவர் நெயார்கோஸ் அளித்த கோரே ஆளைவிடப் பெரியது. வலை வீசுபவரும் மண் பிசைபவரும் தம் உழைப்பின் பலனை ஒரு பெண்ணின் உருவமாக மாற்றித் தேவியின் முன் நிறுத்தியிருக்கிறார்கள். அவள் குறிப்பிட்ட எந்தப் பெண்ணும் அல்லள். தேவியின் கண் குளிரச் செய்யும் அழகிய பொருள்.

அதே குன்றில் கிடைத்த பெப்லோஸ் கோரே என்னும் சிலை, ஏறத்தாழ கி.மு. 530ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் எளிய கம்பளி ஆடையைப் பார்த்து, அடக்கமான ஒரு கிராமத்துப் பெண் என்று நெடுங்காலம் எழுதினார்கள். பின்னர் புற ஊதா ஒளியில் ஆராய்ந்தபோது, ஆடையின் முன்பக்கத்தில் விலங்குகளின் உருவங்கள் வரிசையாக வரையப்பட்டிருந்த தடங்கள் தெரியவந்தன. அப்படிப்பட்ட ஆடை தேவியருக்கே உரியது என்பது சிலரின் முடிபு. இடக்கை போய்விட்டது, வலக்கையில் ஒரு துளை இருக்கிறது. அது அம்பு என்றால் ஆர்ட்டெமிஸ். நான் அவளைப் பெண் என்றே நினைத்துச் சென்றேன். ஒரு மணி நேரம் அமர்ந்து வரைந்த பிறகு, அந்தத் துளைக்கு முன்னால் என் உறுதி தளர்ந்துவிட்டது.

கையும் பெயரும் சேர்ந்தே பிழைத்த ஒருத்தியிடம் இப்போது வருகிறேன். அவள் ஃபிராசிக்ளேயா. ஏதென்ஸுக்கு வெளியே மெரெந்தா என்னும் இடத்தில் ஒரு பழைய தேவாலயத்தின் கட்டுமானத்தில் எழுத்து வெட்டிய கல் ஒன்று நெடுங்காலமாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அதைப் படித்துப் பதிந்திருந்தார்கள். ஃபிராசிக்ளேயாவின் நினைவுக்கல், நான் என்றென்றும் கன்னி என்றே அழைக்கப்படுவேன், திருமணத்துக்குப் பதிலாகத் தெய்வங்களிடமிருந்து இந்தப் பெயரே எனக்கு வாய்த்தது என்பது அதன் பொருள். செய்தவர் பாரோஸ் தீவின் அரிஸ்டியோன் என்றும் கல் சொன்னது. ஆனால் மேலே நின்ற சிலை எங்கே என்று எவருக்கும் தெரியாது. 1972இல் அந்தத் தேவாலயத்துக்கு அருகே ஒரு குழியில், ஓர் இளைஞனின் சிலையோடு அருகருகே கிடத்தப்பட்ட நிலையில், ஒரு பெண் சிலை கிடைத்தது. சிலையைப் பீடத்தில் இறுக்கியிருந்த ஈயம் உடன் கிடைத்தது. அது தேவாலயக் கல்லின் குழியோடு சரியாகப் பொருந்தியது. ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பிரிந்திருந்த பெயரும் உடலும் அப்படித்தான் மீண்டும் சேர்ந்தன.

அவள் சிவப்பு ஆடை உடுத்தியிருக்கிறாள். ஆடை முழுதும் வட்டப் பூக்கள். தலையில் மலரும் மொட்டும் மாறி மாறிக் கோத்த முடி. காதில் தோடு, கழுத்தில் மாலை. திருமணத்துக்கு அலங்கரித்த பெண் என்று பார்த்தவுடன் தெரிகிறது. வலக்கையால் பாவாடையைப் பற்றியிருக்கிறாள். இடக்கையை நீட்டாமல் மார்போடு ஒட்டி மடக்கியிருப்பதால் அது உடைந்து போகவில்லை. அந்தக் கையில் ஒரு தாமரை மொட்டு, இன்னும் விரியாமல். கோரே என்பது பாதாளத்தின் அரசன் கவர்ந்து சென்ற பெர்செபொனியின் பெயரும் ஆகும் என்பதை எண்ணும்போது, அந்தக் கல்வெட்டில் உள்ள "கன்னி" என்ற ஒரு சொல்லில் மகளும் தேவியும் கலந்து நிற்பது புரிகிறது. என் தங்கை அவள் முன்னால் நெடுநேரம் பேசாமல் நின்றாள். எங்கள் வீட்டில் மணநாள் குறித்த பிறகு இறந்துபோன ஒரு பெண் உண்டு. அவளைப் பற்றி நாங்கள் இருவரும் அன்று எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நூற்றாண்டுக்கு வந்தால், நகரத்தின் பெருமை எல்லாம் ஒரு தேவியின் மேல் ஏற்றப்படுகிறது. பார்த்தெனோன் கோயிலுக்காக ஃபிடியாஸ் பொன்னாலும் தந்தத்தாலும் செய்த அதீனா, கி.மு. 438இல் நிறுவப்பட்டாள். ஏறத்தாழ 12 மீட்டர் உயரம். நீட்டிய கையில் வெற்றித் தேவியான நைக்கி நின்றாள். அவளே ஆளைவிடச் சற்று உயரம். மூலச் சிலை அழிந்துவிட்டது. 1880இல் ஏதென்ஸில் கிடைத்த ஒரு மீட்டர் அளவேயான பிற்காலப் பிரதியைப் பார்த்துத்தான் அவளை ஊகிக்க முடிகிறது. பீடத்தில் ஃபிடியாஸ் செதுக்கியது பண்டோராவின் பிறப்பு. கிரேக்கத் தொன்மத்தில் முதல் பெண், எல்லாத் துன்பங்களையும் உலகுக்குக் கொண்டுவந்தவள். தாயின்றித் தந்தையின் தலையிலிருந்து பிறந்த தேவி மேலே நிற்க, மானிடப் பெண்ணின் கதை அவள் காலடியில் இருந்தது. ஸ்பார்ட்டாவுடன் போர் தொடங்கிய வேளையில், ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் நகரத்தின் செல்வத்தைக் கணக்கிட்டபோது, அந்தச் சிலையின் மேலுள்ள 40 தாலந்து பொன்னைக் கழற்றி எடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னதாக அக்காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். மாண்ட வீரர்களுக்கான இரங்கலுரையில், புகழ்ச்சியிலோ பழியிலோ ஆண்களின் பேச்சில் மிகக் குறைவாக அடிபடுபவளே பெருமைக்குரிய பெண் என்று சொன்னவரும் அதே பெரிக்ளிஸ்தான்.

எரெக்தியோன் கோயிலின் கூரையைத் தலையில் தாங்கும் ஆறு பெண்களைப் பற்றி நான் வகுப்பில் தவறாகக் கற்பித்திருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொன்ன கதையை அப்படியே சொல்லிக்கொடுத்தேன்: பாரசீகருக்குத் துணைபோன கார்யாய் ஊரின் ஆண்களைக் கொன்று, பெண்களை அடிமையாக்கி, அந்த அவமானம் நிலைக்கும்படி அவர்களின் உருவத்தைச் சுமை தாங்கச் செய்தார்கள் என்ற கதை. கோயில் கட்டிய காலத்துக் கணக்குக் கல்வெட்டோ அவர்களைக் கோரேக்கள் என்று மட்டுமே குறிக்கிறது. ஆறு பேரின் கைகளும் உடைந்துவிட்டதால், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் இருந்தது. ரோமுக்கு அருகே திவோலியில் உள்ள ஹேட்ரியன் பேரரசரின் மாளிகையில் இவர்களின் பிரதிகள் 1952இல் கிடைத்தபோதுதான் விடை வந்தது. அவர்கள் கையில் இருந்தது தெய்வத்துக்கும் இறந்தோருக்கும் நீர்மம் வார்க்கும் தட்டையான கிண்ணம். அந்த மண்டபத்தின் கீழே இருந்தது நகரத்தின் தொல் மன்னன் கெக்ரோப்ஸின் கல்லறை. தண்டனை பெற்ற அடிமைகளாகப் படித்தவர்கள், ஒரு கிண்ணத்தால், வழிபாடு செய்யும் பெண்களாக மாறிவிட்டார்கள். ஐவர் இன்று அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறார்கள். எல்ஜின் பிரபு கொண்டுசென்ற ஒருத்தி லண்டனில் இருக்கிறாள். அவளுக்கான இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். பின்னால் சென்று பார்த்தால், கழுத்தை மறைக்கும் கனத்த பின்னல்கள் தெரிகின்றன. கூரையின் எடையைத் தாங்க மெல்லிய கழுத்து போதாது என்பதால், சிற்பி அந்த எடையைக் கூந்தலுக்குள் இறக்கியிருக்கிறார்.

ஆடையில்லாத தேவியைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ஆனாலும் அதற்கு மற்றவர்கள் தரும் அளவு இடத்தை நான் தரப்போவதில்லை. நான்காம் நூற்றாண்டின் நடுவில் பிராக்ஸிடெலிஸ், ஆடையுடன் ஒன்றும் ஆடையின்றி ஒன்றுமாக இரண்டு அஃப்ரோடைட்டிகளைச் செய்து விற்பனைக்கு வைத்தார் என்றும், கோஸ் தீவினர் ஆடை உடுத்தியவளைத் தேர்ந்தெடுக்க, நிடோஸ் நகரத்தார் மற்றவளை வாங்கினார்கள் என்றும் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். பின்னாளில் நிகோமிடிஸ் மன்னர் நகரத்தின் கடன் முழுவதையும் தீர்ப்பதாகச் சொல்லிக் கேட்டும் அவர்கள் அவளைக் கொடுக்கவில்லை. பிரதிகளில் அவள் ஒரு கையால் தன்னை மறைக்கிறாள். மற்றொரு கையால் நீர்க்குடத்தின் மேல் துணியைப் பிடித்திருக்கிறாள். அந்தத் துணியை அவள் எடுக்கிறாளா, வைக்கிறாளா என்று இன்றும் வாதம் நடக்கிறது. பிற்காலத்தவர் இந்த நிலைக்கு "நாணும் வீனஸ்" என்று பெயர் வைத்து, பார்ப்பவரின் கண்ணை முதல் கையோடு நிறுத்திவிட்டார்கள். என் கண் இரண்டாவது கைக்கே போகிறது. குளிப்பதற்காகத் தன் போக்கில் நிற்கும் தேவி அவள்; குடமும் துணியும் அதைத்தான் சொல்கின்றன. வெற்று வெள்ளைக் கல்லாகவும் அவளை நினைக்கக் கூடாது. தம் சலவைக்கல் படைப்புகளில் எவை சிறந்தவை என்று கேட்டபோது, ஓவியர் நிகியாஸ் வண்ணம் தீட்டியவையே என்று பிராக்ஸிடெலிஸ் சொன்னதாகவும் பிளினி குறிப்பிடுகிறார்.

சமோத்ரேஸ் தீவின் நைக்கிக்கும் இப்படி ஒரு கை உண்டு. அவள் ஊதுகொம்பை வாயருகே பிடித்திருந்தாள் என்று பலரும் நம்பினார்கள். 1950இல் அவளுடைய வலக்கை கிடைத்தது, விரிந்த வெறுங்கை.

ஒன்பதாம் நாளைக் கெராமெய்கோஸ் கல்லறைத் தோட்டத்துக்கென்று வைத்திருந்தேன். ஏதென்ஸின் வழக்குமன்றங்களில், உயிரோடிருக்கும் மதிப்புக்குரிய ஒரு பெண்ணின் பெயரைப் பேச்சாளர்கள் கூடியவரை சொல்லமாட்டார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தப் பெயர்கள் இங்கே தெருவோரக் கற்களில் வெளிப்படையாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஐந்தாம் நூற்றாண்டின் முடிவில் செதுக்கிய ஹெகேசோவின் கல் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய இடத்தில் அதன் பிரதி நிற்கிறது. புரோக்ஸெனோஸின் ஹெகேசோ என்று மேலே எழுத்து. நாற்காலியில் அமர்ந்த அவள், பணிப்பெண் ஏந்திய பெட்டியிலிருந்து எடுத்த நகை ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். விரல்கள் அத்தனை நுட்பமாக வளைந்திருக்கின்றன, நகையைக் காணவில்லை. அதைச் சிற்பி வண்ணத்தால் வரைந்திருந்தார், வண்ணம் போய்விட்டது. பணிப்பெண் பிடித்திருக்கும் பெட்டி கல்லால் ஆனதால் அப்படியே இருக்கிறது. அவளுடைய பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தில் அம்ஃபரேத்தேயின் கல் இருக்கிறது. அமர்ந்திருக்கும் பெண்ணின் இடக்கையணைப்பில், மேலாடைக்குள் பொதிந்த ஒரு குழந்தை. குழந்தையின் தாய் என்றே பார்ப்பவர் நினைப்பார்கள். முகத்தில் முதுமையின் கோடு ஒன்றும் இல்லை. மேலே உள்ள வரிகளைப் படித்தால்தான் அவள் பாட்டி என்று தெரியும். என் மகளின் அன்புக் குழந்தையை இதோ ஏந்தியிருக்கிறேன், இருவரும் உயிரோடு கதிரவனின் ஒளியைக் கண்ட நாள்களில் இவனை என் மடியில் ஏந்தியிருந்தேன், இறந்த இவனை இறந்த நான் இப்போதும் ஏந்தியிருக்கிறேன் என்று அவளே சொல்கிறாள். வலக்கையில், குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதுபோல, ஒரு சிறு பறவை. எதுவும் உடையவில்லை, எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. தரையில் அமர்ந்து அந்த இரண்டு கைகளையும் வரையத் தொடங்கினேன். குழந்தையைத் தாங்கும் கை எளிதில் அமைந்துவிட்டது. பறவையைப் பிடித்த விரல்களை நான்கு முறை அழித்து எழுதினேன். ஐந்தாவது முறை விரல்கள் சரியாக வந்தபோது, மூடும் நேரம் ஆகிவிட்டது என்று காவலர் வந்து மெல்லச் சொன்னார். பறவையின் தலையை நான் இன்னும் வரையவில்லை.